கஸ்தூரி ஏரி

தண்டிக்கப்பட்டவன் எழுதியதெல்லாம் நல்ல எழுத்தாகிவிடுமா? கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் விமர்சனம் என்று ஒன்றைச் செய்ய முனைகிறவன் இந்தக் கேள்வியைச் சுற்றிக்கொண்டு போய்விட முடியாது. ராயிஃப் பதாவியின் கட்டுரைத் தொகுப்பை ஆங்கில வழியாக இரண்டாம் முறை படித்து முடித்தபோது எனக்குள் எழுந்தது இதுதான்.

பதாவி ஜித்தாவாசி. இணையத்தில் எழுதியதற்காக 2012இல் கைதானார். 2014இல் தீர்ப்பு: 10 வருஷச் சிறை, 1000 கசையடி, 10 லட்சம் ரியால் அபராதம். 2015 ஜனவரி 9 அன்று ஜித்தாவில் ஒரு பள்ளிவாசல் முன்னால் முதல் 50 அடிகள் விழுந்தன. மிச்சம் நிறைவேற்றப்படவில்லை. 2022 மார்ச்சில் வெளியே வந்தார். நாட்டை விட்டுப் போக மேலும் 10 வருஷம் தடை. 2015இல் வெளியான தொகுப்பின் தலைப்பிலேயே அந்த ஆயிரம் அடிகள் இருக்கின்றன. உலகம் அடிகளை எண்ணிற்று. வாக்கியங்களைப் படித்தவர்கள் குறைவு.

எண்ணியவர்களில் நானும் ஒருவன். அந்த வருஷம் ஒரு கவிதை எழுதினேன். நண்பர்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். அதில் முதுகு இருந்தது, ரத்தம் இருந்தது, பாலைவனம்கூட இருந்தது. பதாவி என்ன எழுதினார் என்பது மட்டும் இல்லை. அவரை அப்போது நான் படித்திருக்கவில்லை.

இப்போது படித்ததில் தோன்றியதைச் சொல்கிறேன். அரசும் மதமும் பிரிய வேண்டும், மாற்றுக் கருத்துக்கு இடம் வேண்டும் என்ற பக்கங்கள் எவ்வளவு நியாயமானவையோ அவ்வளவு பொதுவானவை. கெய்ரோவிலிருந்தும் எழுதியிருக்கலாம், பாரிஸிலிருந்தும் எழுதியிருக்கலாம். வானியல்காரர்கள் மீது பாய்ந்த ஒரு பிரசங்கியை அவர் கிண்டல் செய்யும் இடத்தில்தான் எழுத்து சட்டென்று விழித்துக்கொள்கிறது. அங்கே கருத்துக்குப் பதில் ஓர் ஆள் நிற்கிறான். அவன் பேசியது காதில் விழுகிறது. அந்த மண்ணில் பொதுக் கருத்தைச் சொல்லவே அசாத்தியத் துணிச்சல் தேவைப்பட்டது என்பதை மறுக்கவில்லை. ஆனால் துணிச்சல் மனிதனின் குணம். உரைநடையின் குணம் வேறு.

சவூதி எழுத்தில் அந்த வேறு குணத்தை நான் கண்டது, இலக்கியக்காரர்கள் புரட்டித் தள்ளும் பக்கத்தில் - ஊர்ச் செய்தியில். காரணம் விசித்திரமானதல்ல. 1960களின் சட்டப்படி பத்திரிகைகள் தனியார் ஸ்தாபனங்கள். ஆனால் ஆசிரியர் நியமனத்துக்கு அரசின் ஒப்புதல் வேண்டும். அரச குடும்பத்தைத் தொட முடியாது, மதத்தைத் தொட முடியாது. நகராட்சியைத் தொடலாம். ஆகவே பேச வேண்டியதெல்லாம் சாக்கடை, மழை, பள்ளிக்கூடக் கதவு என்ற வடிவங்களில் வந்து சேர்ந்தது.

2002 மார்ச் 11 அன்று மக்காவில் ஒரு பெண்கள் பள்ளி தீப்பிடித்து 15 சிறுமிகள் இறந்தார்கள். தலையும் உடலும் சரியாக மூடவில்லை என்று மதக் காவலர்கள் வெளியேற்றத்தைத் தடுத்ததாகப் பார்த்தவர்கள் சொன்னதைப் பத்திரிகைகள் அச்சிட்டன. அரசு விசாரணை அதை ஏற்கவில்லை. ஆனால் மதத் துறையினர் கையிலிருந்த பெண் கல்வி சில வாரங்களுக்குள் கல்வி அமைச்சகத்துக்கு மாற்றப்பட்டது. பெண்ணுரிமை பற்றிய எந்தத் தலையங்கமும் செய்யாததை, கதவு ஏன் பூட்டியிருந்தது, சாவி யாரிடம் என்ற இரண்டு கேள்விகள் செய்தன.

2009 நவம்பர் 25 அன்று, ஹஜ் தொடங்கும் நாளில், ஜித்தாவில் சில மணி நேர மழை. 100 பேருக்கு மேல் செத்தார்கள். வாதிகளின் பாதையில், அதாவது வறண்ட ஆற்றுப் படுகைகளில், வீட்டு மனைகள் போட்டிருந்தார்கள். மழைநீர் வடிகால்கள் பல காகிதத்தில்தான் ஓடின. பெரும்பாலான வீடுகளுக்குப் பாதாளச் சாக்கடை இல்லாததால் டாங்கர் லாரிகள் கழிவை அள்ளிப்போய் நகரின் கிழக்கே கொட்டிக்கொண்டிருந்தன. அது ஒரு ஏரியாகவே தேங்கிற்று. அதன் கரை உடையுமோ என்று ஊர் நடுங்கியது. அந்த ஏரியின் பெயர் புஹைரத் அல்-மிஸ்க்: கஸ்தூரி ஏரி.

இந்தப் பெயரில் எந்தக் கவிஞனும் கைவைக்க வேண்டியதில்லை. நிருபன் அதை அடைமொழி இல்லாமல், லாரிகளுக்கும் பிணங்களுக்கும் பக்கத்தில் எழுதினால் போதும். ஓர் ஆட்சி தன் பாஷையை என்ன செய்து வைத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். மன்னர் அப்துல்லா விசாரணைக் குழு அமைத்தார். அதிகாரிகள் மீது வழக்குகள் வந்தன. ஏரியையும் பின்னால் வற்ற வைத்தார்கள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு; அது வலுவானது. நகராட்சியைத் திட்டவிடுவது ஆவி போக வைத்த ஓட்டைதானே? அந்த விசாரணைக் குழுவின் தலைவர் இளவரசர் காலித் அல்-ஃபைஸல். பேர் பெற்ற கவிஞர். அபஹாவில் 2000இல் தொடங்கிய 'அல்-வத்தன்' நாளிதழின் பின்னாலும் அவர்தான் இருந்தார். கேட்கிறவர், அச்சிடுகிறவர், விசாரிக்கிறவர் எல்லாம் ஒரே வட்டம். 2003இல் அந்த இதழின் ஆசிரியராக வந்த ஜமால் கஷோக்ஜி இரண்டு மாதம் தாக்குப்பிடிக்கவில்லை.

ஆனால் அது வெறும் ஓட்டையாக இருந்திருந்தால் பிறகு ஏன் அதை அடைக்க வேண்டும்? அதே இதழின் பத்தி எழுத்தாளர் சாலிஹ் அல்-ஷெஹி. 2017 டிசம்பரில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், அரசவையில் ஆள் இருந்தால் நிலம் கிடைக்கும் என்ற பொருள்படப் பேசினார். மனைப் பட்டா விஷயம். வாதிகளில் வீடு வந்த அதே விஷயம். 2018 பிப்ரவரியில் 5 வருஷச் சிறை. 2020 மே மாதம் விடுதலை, ஜூலையில் மரணம். 2018 அக்டோபர் 2 அன்று இஸ்தான்புல் துணைத் தூதரகத்தில் கொல்லப்பட்ட கஷோக்ஜியின் கடைசிப் பத்தி 15 நாள் கழித்து வெளிவந்தபோது அதில் அல்-ஷெஹியின் பெயர் இருந்தது. கஷோக்ஜியை உலகம் அறியும். அல்-ஷெஹியை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? அவருக்காக எழுதப்பட்ட கவிதை எதையும் நான் பார்த்ததில்லை. மனைப் பட்டாவில் கவிதைக்கு என்ன இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம்.

தூரத்து தேசத்தின் துன்பம் நமக்குப் படிமமாகத்தான் தேவைப்படுகிறது. விவரம் இடைஞ்சல். இதை நான் பிறர் மேல் போடவில்லை. 2015இல் எழுதிய அந்தக் கவிதையைத் தொகுப்பில் சேர்க்கலாம் என்று சென்ற மாதம் எடுத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு வரி. ஜித்தாவில் நடந்ததைப் பற்றிய கவிதையில் ஜித்தா எங்கும் இல்லை. சேர்க்கவில்லை.