பின்கதவில் ஏறும் பாரம்

கோடை விடுமுறை தொடங்கும் வாரத்தில் ஆஸ்திரியாவின் பிரென்னர் கணவாய் வழியாக இத்தாலிக்கு இறங்கும் வண்டிகளில், முதுகில் எதுவுமே இல்லாத கேம்பர் வேனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பின்கதவில் இரண்டு சைக்கிள், அவற்றோடு சேர்த்துக் கட்டிய குழந்தையின் குட்டிச் சைக்கிள், கூரையில் ஆள் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதன் பக்கத்தில் ஒரு துடுப்புப் பலகை. வீட்டையே வண்டியாக்கிக்கொண்டு கிளம்பியவர்களுக்கு அந்த வீட்டுக்குள் இடம் போதவில்லை.

வெளியே கட்டிக்கொள்வதால் இடம் கிடைக்கிறது, சந்தேகமில்லை. எடைக்கான அனுமதி மட்டும் ஒரு கிலோகூடக் கூடுவதில்லை. இடம் கிடைத்துவிட்டதால் எடையும் தாங்கும் என்று நினைத்துக்கொள்வதில்தான் இந்தப் பழக்கத்தின் கோளாறுகளில் பெரும்பாலானவை தொடங்குகின்றன என்பது என் கணிப்பு. கோளாறு சொல்வதற்கு முன் அதன் நியாயத்தைப் பார்த்துவிடலாம், அது சின்ன நியாயம் அல்ல.

ஐரோப்பாவில் இன்று அதிகம் ஓடும் கேம்பர் வேன் ஃபியட் டுகாட்டோ போன்ற சரக்கு வேனை மாற்றியமைத்தது. நீளம் ஏறக்குறைய 6 மீட்டர், உயரம் இரண்டரை மீட்டருக்கு மேல். இதை வைத்துக்கொண்டு பழைய நகரங்களுக்குள் நுழைவது வம்பை விலைக்கு வாங்குவது. வாகன நிறுத்தங்கள் பலவற்றின் வாசலில் 2 மீட்டர் உயரத்தில் குறுக்குக் கம்பி இருக்கும். இத்தாலிய நகரங்களின் மையப் பகுதிகளில் அனுமதியில்லாமல் நுழைந்தால் கேமரா படம் பிடித்து அபராதத்தை வீட்டுக்கே அனுப்பும். அதோடு, ஒரு முறை வண்டியை நிறுத்தி, பந்தலை விரித்து, நாற்காலி போட்டு உட்கார்ந்தபின், ரொட்டி வாங்குவதற்காக எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு கிளம்ப யாருக்கும் மனம் வராது. சைக்கிள் இருந்தால் வேன் நின்ற இடத்திலேயே நிற்கலாம்.

ஜெர்மனியின் மோசல் ஆற்றுப் பள்ளத்தாக்கு இதற்கு நல்ல சாட்சி. பெர்ன்காஸ்டல்-கூஸ் போன்ற திராட்சைத் தோட்ட ஊர்களில் ஆற்றங்கரையை ஒட்டியே கேம்பர் வேன்களுக்கான நிறுத்துமிடங்கள் உண்டு. கரையோடு சைக்கிள் பாதை போகிறது. வேனை ஓர் ஊரில் விட்டுவிட்டு நான்கைந்து ஊர்களைச் சைக்கிளில் பார்த்துவிட்டு வரலாம். பாசாவிலிருந்து வியன்னா வரை டான்யூப் கரையிலும், பிரான்சின் லுவார் கரையிலும் இதே ஏற்பாடுதான். இந்தப் பாதைகள் இருக்கும்வரை, கேம்பர் வேனுக்குச் சைக்கிள் ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த வேன் நகரத்துக்குள் புகாமல் தடுக்கும் ஒரே பொருள் அதுதான்.

சரி, உள்ளே வைத்தால் என்ன? வைக்கலாம். 6 மீட்டர் வேனில் பின்பக்கம் குறுக்காகப் போட்ட கட்டிலுக்குக் கீழேதான் அதற்கு இடம். சைக்கிள் நிற்கும் உயரத்துக்குக் கட்டிலைத் தூக்கினால் படுப்பவர் தலை கூரையில் இடிக்கும். முன்சக்கரத்தைக் கழற்றி உள்ளே செருகினால் சங்கிலி எண்ணெயும் சேறும் துணிமணியோடு சேரும். இரண்டு பேர் மட்டும் போகும் பயணத்தில் இதைச் சமாளிக்கலாம். குடும்பமாகப் போகிறவர்களுக்கு நடக்காத காரியம். சைக்கிள் வெளியே வருவது இப்படித்தான்.

1950இல் ஃபோல்க்ஸ்வாகன் தன் டைப் 2 வேனைத் தயாரிக்கத் தொடங்கி, அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குள் பொருத்தும் கட்டில், அலமாரிகளைக் கொண்டுவந்த காலத்திலிருந்து இந்த வண்டிகளுக்கு இடப் பற்றாக்குறை உண்டு. எழுபதுகளின் வெஸ்ட்ஃபாலியா வேன்களில் கூரையிலேயே சாமான் தட்டு சேர்ந்து வந்தது. அன்று அங்கே ஏறியவை கூடாரத் துணி, மடக்கு நாற்காலி மாதிரியான லேசான பொருட்கள். சாதாரண சைக்கிளும் 12 முதல் 15 கிலோதான். இப்போது நிலைமை வேறு. ஜெர்மனியில் 2023இல் விற்ற சைக்கிள்களில் பாதிக்கு மேற்பட்டவை மின்சைக்கிள்கள். மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த ஒரு மின்சைக்கிள் 25 கிலோவைச் சுலபமாகத் தொடும். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொன்று வாங்கினால் 50 கிலோ. சைக்கிள்களைத் தாங்கும் ரேக்கின் சொந்த எடை 15, 20 கிலோ. ஆக 70 கிலோ.

இந்த 70 கிலோ எங்கே போய் இடிக்கிறது என்பதற்கு ஐரோப்பிய விதிப்புத்தகத்தைப் புரட்ட வேண்டும். சாதாரண கார் ஓட்டும் பி வகுப்பு உரிமத்துடன் ஓட்டக்கூடிய உச்ச எடை 3.5 டன். 1999க்கு முன் ஜெர்மனியில் உரிமம் எடுத்த பெரியவர்கள் 7.5 டன் வரை ஓட்டலாம். அவர்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சலுகை இல்லை. அதனால் பெரும்பாலான கேம்பர் வேன்களை 3.5 டன்னுக்குள் அடக்கித்தான் பதிவுசெய்கிறார்கள். பயணிகளை ஏற்றியபின் சாமானுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும் என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு: ஓட்டுநர் உட்பட வண்டியில் உட்காரக்கூடியவர்களின் எண்ணிக்கையோடு வண்டியின் நீளத்தை மீட்டரில் கூட்டி, 10ஆல் பெருக்க வேண்டும். நான்கு பேர் உட்காரும் 6 மீட்டர் வேனுக்கு விடை 100 கிலோ.

நான்கு பேரின் துணி, பாத்திரம், மளிகை, மேசை, நாற்காலி, மின்கம்பிச் சுருள் எல்லாவற்றுக்குமாக 100 கிலோ! அதில் பின்கதவுக்கு 70 போனால் மிச்சம் 30. ஒவ்வோர் ஆளையும் 75 கிலோ என்று கணக்கு வைப்பதுதான் அந்த விதி. 95 கிலோ அப்பாவின் மீதி 20 கிலோவும் இந்த முப்பதிலிருந்துதான் கழியும்.

எல்லா வேன்களும் இந்தக் குறைந்தபட்சத்தோடு நிற்பதில்லை, தாராளமாக இடம் விடுகிறவையும் உண்டு. ஆனால் கடையில் வண்டியைப் பார்க்கும்போது விற்பவர் சுட்டிக்காட்டுகிற கூடுதல் வசதிகள் ஒவ்வொன்றும் அதே கணக்கிலிருந்துதான் கழிகின்றன. பக்கவாட்டில் திருகியிருக்கும் பந்தல் மட்டும் 20 கிலோவுக்கு மேல். வெளிச்சுமையைப் பற்றிப் பேசும்போது யாரும் அதைச் சுமையாகவே எண்ணுவதில்லை. வாங்கிய நாள் முதல் அது வண்டியோடு ஒட்டிக்கிடப்பதால் கண்ணில் படாமல் போய்விடுகிறது.

மொத்த எடையோடு விஷயம் முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சுமை தொங்கும் இடம் அதைவிடப் பெரிய சங்கதி. 5.99 மீட்டர் டுகாட்டோவில் முன்பின் அச்சுகளுக்கு இடையே 4.035 மீட்டர், பின் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உடல் சுமார் 1 மீட்டர். சைக்கிள்களின் எடை மையம் பின்கதவுக்கு 40 சென்டிமீட்டர் வெளியே இருப்பதாக வைத்துக்கொள்வோம். இப்போது பின் அச்சு, கிணற்று ஏற்றத்தின் நடுக்கால் மாதிரி. ஒரு முனையை அழுத்த அழுத்த மறுமுனை எழும்பும். பின்னால் 80 கிலோ தொங்கவிட்டால் பின் அச்சில் ஏறுவது 80 அல்ல, சுமார் 108 கிலோ. முன் அச்சிலிருந்து 28 கிலோ குறைகிறது. டுகாட்டோ முன்சக்கரத்தால் இழுபடும் வண்டி. மழை பெய்த புல்தரையில் நிறுத்திவிட்டு மறுநாள் காலை கிளம்பும்போது முன்சக்கரம் வழுக்கிச் சுழல்வதில் அந்த 28 கிலோவுக்கும் பங்கு உண்டு. மொத்தம் 3.5 டன்னுக்குள் இருந்துகொண்டே பின் அச்சு மட்டும் தன் வரம்பைத் தாண்டிவிட முடியும். எடைமேடையில் முழு வண்டியையும் ஒரே மூச்சில் நிறுத்தி எடை பார்ப்பவருக்கு இது தெரியவே வராது.

ரேக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்கதவிலேயே பொருத்தும் ரேக்குகள் விலையில் சகாயம், பார்க்கவும் ஒடுக்கம். அவற்றின் தாங்குதிறன், மாதிரியைப் பொறுத்து, 35 கிலோவிலிருந்து 60 கிலோ வரை. 35 கிலோ ரேக்கில் இரண்டு மின்சைக்கிளை ஏற்றுவது சட்டத்துக்கும் பொறியியலுக்கும் ஒருசேர எதிரானது. ஆனாலும் ஏற்றுகிறார்கள், ஏனென்றால் ரேக்கில் இரண்டு தண்டவாளம் இருக்கிறது, இரண்டு சைக்கிளும் அதில் உட்கார்ந்துவிடுகின்றன. பாரமெல்லாம் கதவின் கீல்களில் போய் நிற்கிறது. குண்டும் குழியுமான சாலையில் பின்முனை துள்ளும் ஒவ்வொரு துள்ளலுக்கும் அது பலமடங்காகிறது. கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் சைக்கிள்களும் சேர்ந்து ஆட வேண்டும். வேன் உடல் அல்லாமல் தனியாகக் கட்டிய சுவர் கொண்ட மோட்டார் இல்லங்களில் ரேக்குக்காகச் சுவரையே துளைக்கிறார்கள். அந்தத் துளையின் பசை விட்டுப்போனால் சுவருக்குள் ஈரம் இறங்கும். வெளியே தெரியும்போது உள்ளே மரச்சட்டம் ஊறிப்போயிருக்கும்.

வண்டியின் பின்னால் ட்ரெய்லர் இழுப்பதற்கான டோ பாரில் மாட்டும் ரேக் இவற்றையெல்லாம் தவிர்க்கிறது. பாரம் கதவில் இல்லாமல் அடிச்சட்டத்தில் இறங்குகிறது, சைக்கிளைத் தூக்க வேண்டிய உயரமும் குறைகிறது. வாசல் கதவுபோல் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளும் வகை வாங்கினால் பின்கதவையும் தாராளமாகத் திறக்கலாம். ஆனால் டோ பாரின் எடையும் ரேக்கின் எடையும் கூடுதல், அதோடு சுமை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளிப்போகிறது. நெம்புகோல் கணக்கில் இது நஷ்டம்தான். அப்படியிருந்தும் மின்சைக்கிள் வைத்திருப்பவருக்கு நான் கைகாட்டுவது இதைத்தான்: கீல் முறிவதைவிட அச்சுக் கணக்கைச் சரிக்கட்டுவது எளிது. பேட்டரிகளைக் கழற்றி வண்டியின் முன்பகுதியில் தரையோடு வைத்தால், ஒவ்வொன்றுக்கும் சுமார் 3 கிலோ எடை பின்முனையை விட்டு அச்சுகளுக்கு நடுவே வந்துவிடும்.

கூரைப் பெட்டியிடம் எனக்கு இவ்வளவு பரிவு இல்லை. சைக்கிளுக்கு இருக்கும் நியாயம் அதற்குக் கிடையாது. உயரம் கூடுகிறது, எடை மையம் மேலே போகிறது, நேர்க்காற்றில் நிற்பதால் எரிபொருள் செலவாகிறது. திறந்துகொள்ளும் கூரை கொண்ட சிறிய வேன்களில், மேலே சுமை இருந்தால் கூரையை எழுப்ப முடியாது. அதாவது இரண்டு பேர் படுக்கும் இடத்தை மூடி ஒரு பெட்டிக்குக் கொடுக்கிறோம். ஏணி போட்டு ஏறி எடுக்க வேண்டிய பொருளைப் பயணத்தில் யார் எடுக்கிறார்கள்? பெட்டிக்குள் போவதில் பாதி, தேவைப்படலாம் என்று நினைத்து ஏற்றியது. பின்னால் கட்டிய சைக்கிளாவது வேன் உடலின் மறைவில், காற்று ஏற்கெனவே கலைந்துபோன சுழலில் ஒளிந்துகொள்கிறது.

அந்தச் சுழலுக்கும் ஒரு விலை உண்டு. சக்கரங்கள் கிளப்பும் தூசி, சேறு, குளிர்காலச் சாலையின் உப்பு எல்லாவற்றையும் அது இழுத்து வந்து சைக்கிளின் சங்கிலியிலும் மின் இணைப்புகளிலும் அப்புகிறது. உறை போட்டு மூடிக்கொண்டு ஓட்டலாமே என்றால், ரேக் தயாரிப்பாளர்கள் பலர் அதைத் தடைசெய்கிறார்கள். உறை பாய்மரமாகி ரேக்கைப் பிடுங்கப் பார்க்கும். கார்பன் சட்டச் சைக்கிளின் குழாயைச் சாதாரணப் பிடியால் இறுக்கினால் நசுங்கிவிடலாம். பின்பார்வைக் கேமராவும் மோதல் எச்சரிக்கை உணரிகளும் சைக்கிள்களையே தடையாக எண்ணிக் கூச்சல்போடும் அல்லது குருடாகும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறுவது இன்னொரு தலைவலி. எண் பலகையையும் பின்விளக்குகளையும் மறைத்தால் அவற்றை ரேக்கில் மீண்டும் காட்ட வேண்டும் என்பது பொது. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் பின்னால் நீளும் சுமையில் 50க்கு 50 சென்டிமீட்டர் அளவில் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட எச்சரிக்கைப் பலகை தொங்க வேண்டும். இரண்டு நாட்டுக்கும் கோடுகளின் எண்ணிக்கை வேறு. ஒரு பக்கம் இத்தாலி, மறுபக்கம் ஸ்பெயின் என்று திருப்பிக்கொள்ளும் பலகையைக் கடைகளில் விற்கிறார்கள். ஒற்றைச் சந்தை, ஒற்றை நாணயம் எல்லாம் கண்ட ஐரோப்பா இந்தக் கோடுகளில் மட்டும் இன்னும் ஒன்றுபடவில்லை. வண்டியை ஏற்றிச் செல்லும் படகுகளின் கட்டணத்திலும் இதே கதை: பல நிறுவனங்கள் நீளத்தை வைத்துப் பணம் வாங்குகின்றன, ரேக்கும் சேர்த்து அளக்கச் சொல்கின்றன. 6 மீட்டருக்குள் அடங்க வேண்டும் என்று 5.99இல் வடிவமைத்த வண்டி, சைக்கிள் ஏறிய நொடியே அடுத்த கட்டணப் படிக்குத் தாவிவிடுகிறது.

இவ்வளவையும் வாங்குகிறவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. நான்கு இருக்கை, நான்கு படுக்கை, குளியலறை, சமையல் மேடை எல்லாம் 6 மீட்டருக்குள் இருப்பதாக விற்கிற தயாரிப்பாளர், அந்த நான்கு பேரின் சாமானை எங்கே வைப்பது என்ற கேள்வியை ரேக் செய்யும் நிறுவனத்திடம் தள்ளிவிடுகிறார். விளம்பரப் படத்தில் ஏரிக்கரையில் நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில் சைக்கிள் சாய்ந்திருக்கும். அது அங்கே வந்த விதம் படத்தில் இருக்காது.

2025இல் ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றிய புதிய ஓட்டுநர் உரிமச் சட்டம், கூடுதல் பயிற்சியோ தேர்வோ முடித்த பி வகுப்பு உரிமக்காரர்கள் 4.25 டன் வரையிலான மோட்டார் இல்லங்களை ஓட்ட வழிவிடுகிறது. உறுப்பு நாடுகள் அதைத் தம் சட்டமாக்க இன்னும் சில ஆண்டுகள் பிடிக்கும். சுமைக்கான கணக்கு அப்போது தளரும். ஆனால் அந்த முக்கால் டன் உரிமத்தில்தான் கூடுகிறது. ஏற்கெனவே சாலையில் ஓடும் வேனின் பின் அச்சு வரம்பையோ கதவுக் கீல்களையோ அது தொடுவதில்லை. கூடிய எடையைத் தயாரிப்பாளர்கள் பெரிய தண்ணீர்த் தொட்டிக்கும் ஏசிக்கும் கொடுத்துவிட்டால், 4.25 டன் வண்டியின் பின்கதவிலும் இதே இரண்டு மின்சைக்கிள்கள் இதே கீல்களில் தொங்கும். அதுவரை, ரேக் வாங்கப் போகிறவர் முதலில் சாமான்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு எடைமேடைக்குப் போய், முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்தி எடை பார்ப்பது மேல். வரும் எண்ணைப் பார்த்தபின் சிலர் ரேக்குக்குப் பதிலாக ஆற்றங்கரை ஊர்களில் சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொள்ளக்கூடும்.