எந்தூருக் கல்லுங்க?

நாமக்கல் மலையைக் குடைந்து செய்த அரங்கநாதர் குடைவரை அதியர் மரபில் வந்த குணசீலனுடையது, எட்டாம் நூற்றாண்டு. அங்குள்ள கல்வெட்டுகளில் ஒன்று, பள்ளிகொண்ட பெருமாளைச் சுற்றி யார் யார் செதுக்கப்பட்டிருக்கிறார்கள் என்று பெயர் சொல்கிறது. மார்க்கண்டேயர், பிருகு, தும்புரு, நாரதர், மது, கைடபன் என்று போகிறது அந்த வரிசை. கிரந்த எழுத்தில் சமஸ்கிருதம். அன்றைக்கும் எத்தனை பேருக்குப் படிக்கத் தெரிந்திருக்குமோ! ஆனாலும் பார்ப்பவனுக்கு எது எது என்று சொல்ல வேண்டும் என்ற கவலை அதில் இருக்கிறது.

சேலம், நாமக்கல் பக்கத்து அருங்காட்சியகங்களிலும் பூங்காக்களிலும் நான் தேடுவது அந்தக் கவலையைத்தான். பெரும்பாலும் கிடைப்பதில்லை.

ஒரு அருங்காட்சியகத்தில் (பெயர் வேண்டாம், எல்லா இடத்திலும் இதே கதைதான்) நடுகல் ஒன்றின் முன் நின்றுகொண்டிருந்தேன். அட்டையில் "நடுகல், சேலம் மாவட்டம்" என்று இருந்தது. ஆத்தூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பேத்தியோடு வந்து பார்த்துவிட்டு, அங்கிருந்த ஊழியரிடம், "இது எந்தூருக் கல்லுங்க?" என்றார். "நம்ம ஜில்லாதாங்க" என்று பதில் வந்தது. பெரியவர் விடவில்லை. "ஜில்லா பெருசுங்களே, ஊரு எதுங்க?" "அது ரிஜிஸ்டர்ல இருக்குங்க."

அதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை. 1965க்கு முன் சேலம் மாவட்டம் என்றால் ஒசூரிலிருந்து நாமக்கல் வரை. அந்த வருடம் தர்மபுரி பிரிந்தது. 1997இல் நாமக்கல் பிரிந்தது, கொல்லிமலையும் அதோடு போனது. கல் வந்த வருடம் தெரியாவிட்டால் "சேலம் மாவட்டம்" என்பதற்குப் பொருளே கிடையாது.

நடுகல்லுக்கு இது இரட்டை அநியாயம். ஏனென்றால் எழுத்துள்ள நடுகல் தானே ஒரு விளக்கப் பலகை. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்தச் சண்டை, செத்தவன் யார் என்று ஊருக்குச் சொல்வதற்காகவே அதை நட்டார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. அதில் கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாயும் இருக்கிறது. நாய்க்குக் கோவிவன் என்று பெயர். கள்வர் இரண்டு பேரைக் கடித்ததாம். ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முந்திய கல்தச்சன் நாயின் பெயரைக்கூட விடவில்லை. நாம் ஊரையே விட்டுவிட்டோம்.

சேர்வராயன் மலைக்கு வருவோம். அங்கே கிடைத்த புதிய கற்காலக் கோடரிகளை மலைவாழ் மக்கள் எடுத்துச் சிறு கோயில்களில் பிள்ளையாருக்கு வைத்திருந்தார்கள். என் கணக்கில் இந்தப் பகுதியின் முதல் அருங்காட்சியகம் அந்தப் பிள்ளையார் கோயில்கள்தான். ஏற்காட்டில் வாழ்ந்த புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தக் கோடரிகளைச் சேகரித்தவர்களில் ஒருவர். அவருடைய சேகரிப்பை 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. பொருள்கள் மலையை விட்டுப் போனது எனக்கு வருத்தம்தான். ஆனால் அவர் தயாரித்த பட்டியல், கற்களைக் கிடைத்த இடத்தோடு சேர்த்தே சொல்கிறது. கல் போனாலும் ஊர் அதோடு போயிருக்கிறது. இங்கேயோ கல் உள்ளூரிலேயே இருக்கிறது, ஊர்தான் தொலைந்துவிட்டது.

பூங்காக்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. "பூக்களைப் பறிக்காதீர்" பலகையின் எழுத்து பெரிதாகவும் தெளிவாகவும் இருக்கிறது. ஒரு பூங்காவில் புல்வெளி ஓரம் எழுத்துள்ள நடுகல் ஒன்றைச் சிமெண்டில் நிறுத்தி, அடிப்பாகத்துக்குப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். பெயிண்டுக்கு அடியில் கடைசி வரி. பக்கத்திலேயே குழந்தைகள் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தார்கள். அது நல்ல விஷயம். கல் ஊருக்கு நடுவில் இருப்பதே சரி.

ஆள் இல்லை, நிதி இல்லை என்கிறார்கள். உண்மைதான், ஒரே ஆள் டிக்கெட்டும் கிழித்துக் கதவும் பூட்டுகிற இடங்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஊர்ப்பெயர் எழுதப் புதுக் கட்டடம் தேவையில்லை. ரிஜிஸ்டரில் இருக்கிறது என்று அவர்களே சொல்கிறார்கள். ஒரு மதியம் உட்கார்ந்து அதை அட்டைக்கு மாற்றினால் போதும். முதலில் அந்தப் பூங்காக் கல்லுக்கு எழுதலாம். இரண்டு மழைக்காலமாகப் பார்க்கிறேன், மேல்வரி மங்கிக்கொண்டு வருகிறது.