வாத்தியம் ஏந்தாத ஏழாமவர்

ஒரு குழுவின் மேடையாட்டத்தை அலசுவோர் பாடகரின் சாரீரத்தையும் வாத்தியக்காரர்களின் விரல் வேகத்தையும் எடைபோட்டுவிட்டு எழுந்து போவதே வழக்கம். அந்த அளவுகோலைக் கொண்டு லண்டன் கேம்டன் பகுதியின் 'மேட்னஸ்' என்னும் ஸ்கா குழுவை அளக்கப் புகுந்தால், அது நடுத்தர வரிசைக்கு மேல் ஏறாது என்பதை அதன் அபிமானிகளும் மறுக்கமாட்டார்கள். ஆயினும் 1976-இல் வேறொரு பெயரில் தொடங்கிய அந்த வடலண்டன் இளைஞர்கள், 1979-இல் பார்க்வே வீதியிலுள்ள டப்ளின் காஸில் என்னும் மதுச்சாலையின் பின்னறையை நிரப்பி வழியச் செய்தார்கள். ஜாஸும் கண்ட்ரியும் வாசிப்பவர்கள் என்று உரிமையாளரிடம் புளுகித்தான் அந்த மேடையைப் பிடித்தார்கள் என்று சொல்வார்கள்; பிடித்த விதம் எதுவாயினும், அங்கே கூடியவர்கள் மறுமுறையும் வந்தார்கள், தோழர்களையும் அழைத்து வந்தார்கள்.

வந்ததன் காரணத்தை முதலில் தாளத்திலேயே தேட வேண்டும். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1960-ஐ ஒட்டி உருவான ஸ்கா இசையில், நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்தின் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் இடையே விழும் அரையிடத்தில் கிதாரும் பியானோவும் வெட்டி வெட்டி ஒலிக்க, பாஸ் கிதார் மட்டும் அடி தவறாமல் கீழே நடந்துகொண்டிருக்கும். கேட்பவன் காலை ஊன்றுவதற்குப் பாஸும், ஊன்றிய காலை உடனே தூக்குவதற்கு அந்த வெட்டும் ஏவுவதால், அவன் சும்மா நிற்பது பிரயாசையான காரியமாகிவிடுகிறது. இந்த வெட்டை மேட்னஸில் பெரும்பாலும் தாங்கியது மைக் பார்சனின் பியானோ. அதன் மீது லீ தாம்சனின் சாக்ஸபோன் சற்றே கரகரத்து, சுருதி சுத்தத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாமல் பாய்ந்தது. பாடகர் சக்ஸ் பாடியது பாதி பாட்டு, பாதி பேச்சு.

ஆனால் இவையனைத்தும் ஏனைய ஸ்கா குழுக்களிடமும் உண்டு. மேட்னஸுக்கே உரிய விசேஷம் காதல் ஸ்மித் என்ற இயற்பெயர் கொண்ட சாஸ் ஸ்மாஷ். ஒரு காலத்தில் இதே குழுவில் பாஸ் வாசித்து, சண்டையிட்டு விலகிய இவர், பின்னர் வாத்தியம் ஏதுமின்றி மேடையேறி, அறிவிப்பதும் கூவுவதும் முழங்கால் மடக்கி ஆடுவதுமாக இருந்தார். முதல் ஆல்பம் வெளிவந்தபோது அவர் குழுவின் முறையான அங்கத்தினர்கூட அல்லர். கணக்குப் பார்க்கும் நிர்வாகி எவரும் முதலில் நீக்கியிருக்கக்கூடிய ஆள் இவர்தான். ஆனால் மேடைக்கும் கூட்டத்திற்கும் நடுவே நின்று, எப்படி ஆடுவது என்று தயங்கியவர்களுக்குத் தம் உடலாலேயே பாடம் நடத்தியவரும் இவரே. ஜமைக்காவின் ஸ்கா பாடகர் பிரின்ஸ் பஸ்டரின் பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்தாண்ட 'ஒன் ஸ்டெப் பியாண்ட்' 1979 இறுதியில் பிரிட்டிஷ் தரவரிசையில் 7-ஆம் இடத்தை எட்டியபோது, அதில் பாடகருக்கு வேலையே இல்லை. தொடக்கத்தில் கேட்கும் முழக்கம் சாஸ் ஸ்மாஷுடையது, எஞ்சியது சாக்ஸபோன். வாசிக்காதவரின் குரலே குழுவின் முத்திரையாயிற்று.

இந்தக் கவர்ச்சிக்கு ஓர் இருண்ட பக்கமும் இருந்ததை மறைப்பது நியாயமன்று. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்த கவென்ட்ரியின் ஸ்பெஷல்ஸ், செலக்டர் குழுக்களோடு அவ்வாண்டு சுற்றுப்பயணம் சென்ற மேட்னஸில் வெள்ளையர் மட்டுமே இருந்தனர். தலையை மழித்த நிறவெறி இளைஞர் சிலர் அவர்கள் கூட்டங்களில் புகுந்து, ஜமைக்காவின் இசைக்கே ஆடிக்கொண்டு, ஜமைக்கர்களை வசைபாடினர். அவர்களைக் கண்டித்து ஒதுக்குவதில் குழுவினர் காட்டிய தாமதம், என் அபிப்பிராயத்தில், அவர்கள் வாசித்த எந்த அபஸ்வரத்தையும்விடப் பெரிய பிழை. எல்லோரையும் ஆட அழைப்பவனுக்கு, யார் ஆடுகிறார்கள் என்று பார்க்கும் கடமையும் உண்டு.

ஆயினும் அந்த அழைப்பின் வலு குன்றவில்லை. 1986-இல் பிரிந்த மேட்னஸ் குழுவினர் 1992 ஆகஸ்டில் வடலண்டனின் ஃபின்ஸ்பரி பூங்காவில் மறுபடி ஒன்றுகூடியபோது, ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் குதித்ததில் அருகிலிருந்த அடுக்குமாடிக் குடியிருப்புகள் அதிர, குடியிருந்தோர் சிலர் நிலநடுக்கமோ என்று அஞ்சி வெளியே ஓடினார்கள்.