இம்பாலுக்குப் பின்னும் போரா?

போரைப் பாடிய புலவர் தமிழில் எண்ணிறந்தோர். போரை நிறுத்துக என்று வேந்தன் முகத்துக்கெதிரே கூறியவரோ மிகச் சிலர். அச்சிலருள் முதல்வராக நாம் கொள்வது கோவூர்கிழாரை. ஆவூர்க் கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு நெடுங்கிள்ளி உள்ளே கிடந்தபோது, தீனியற்ற யானையையும் பாலற்ற குழந்தையையும் அவனுக்குச் சுட்டிக் காட்டினார். அறவோனாயின் கதவைத் திற. மறவோனாயின் வெளியே வந்து போரிடு. இரண்டுமின்றி அடைபட்டிருத்தல் நாணத்தக்கது என்றார். இது புறநானூற்றின் 44-ஆம் பாட்டு. 45-ஆம் பாட்டிலோ, உறையூர் முற்றுகையின்போது, எவர் தோற்பினும் தோற்பது நும் சோழர் குடியே என்று இருவரையும் இடித்துரைத்தார். பரிசில் பெற்று வாழும் புலவருக்கு இது எளிய காரியமா?

இவ்வளவுகோலை மலேயாத் தமிழர் பங்குகொண்ட போர்க்கதைக்கு வைத்துப் பார்ப்போம். மேடானில் வாழ்ந்த ப. சிங்காரம் எழுதிய 'கடலுக்கு அப்பால்' என்னும் நாவல் நம் பினாங்கைக் களமாகக் கொண்டது. ஜப்பான் சரணடைந்தபின், இந்திய தேசிய ராணுவத்திலிருந்து திரும்பும் செல்லையா, வட்டிக்கடை முதலாளியின் மகள் மரகதத்தை விரும்புகிறான். துப்பாக்கி பிடித்த கை பெட்டியடிக்கு ஆகாது என்பது முதலாளியின் தீர்ப்பு. வெற்றி முழக்கம் எதுவுமின்றி, போருக்குப் பிந்திய மனிதனை நம் முன் நிறுத்தியதே இந்நாவலின் பெருமை. ஆயினும் அவனைப் போருக்குள் நிறுத்திவைத்தவர் யார், எந்நாள் வரை நிறுத்தியது தகும் என்ற வினா கதையின் எல்லைக்குள் வரவில்லை. குறையென்று நாம் கருதுவது இதுவே.

அவ்வினா கற்பனையன்று. 1944 மார்ச்சில் ஜப்பானியரோடு நம்மவர் இம்பாலை நோக்கிச் சென்றனர். மே மாதத்திலேயே உணவும் குண்டும் அற்றுப்போயின. ஜூன் தொடக்கத்தில் மேல்தளபதி கவாபே, களத்தளபதி முத்தகுச்சியைப் பார்க்க வந்தார். பின்வாங்க வேண்டும் என்பது இருவர் உள்ளத்திலும் இருந்தது; இருவரும் வாய் திறக்கவில்லை! தம் முகத்தைப் பார்த்து அவர் அறிந்துகொள்வார் என்று எண்ணியதாக முத்தகுச்சி பின்னாளில் கூறினார். கோஹிமாவிலிருந்து ஆணையை மீறித் தம் படையை மீட்டுச் சென்ற சத்தோ என்ற தளபதியையோ பதவி நீக்கி, மனநிலை சரியில்லாதவர் என்று எழுதிவைத்தனர். ஜூலையில்தான் பின்வாங்கும் ஆணை பிறந்தது. அதற்குள் பல்லாயிரவர் பசியிலும் நோயிலும் மாண்டனர்.

நம் தோட்டத்து மக்கள் கேட்க வேண்டிய கேள்வி இதற்குப் பிறகே எழுகிறது. இம்பாலுக்குச் சென்ற முதல் டிவிஷனில் பெரும்பாலோர் பழைய பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்கள். மலேயாவில் சேர்ந்த தமிழ்த் தொண்டர் பலர் இருந்தது இரண்டாம் டிவிஷனில். சயாம் ரயில்பாதைக்குப் பிடித்துச் செல்லப்படுவதைவிடத் துப்பாக்கி ஏந்துவது மேல் என்று சேர்ந்தவரும், மெய்யாகவே விடுதலைக்கு உயிர் கொடுக்க வந்தவரும் அவருள் உண்டு. தோல்வி தெளிவாகத் தெரிந்தபின், 1945 பிப்ரவரியில் ஐராவதிக் கரையிலும் பின்னர் போபா மலையிலும் டாங்கிகளுக்கு எதிரே நிறுத்தப்பட்டவர் இவர்களே. போரைத் தொடர வேண்டும் என்பது சுபாஸ் போஸின் உறுதி. அவ்வுறுதியின் செலவை எழுதவேண்டிய ஏடோ பால்மரக் காட்டு லயங்களில் இருந்தது. கணக்கெழுதிப் பிழைக்கும் கிராணிகளாகிய நமக்கு இந்தப் பற்று உறுத்துகிறது.

அப்படைதானே 1945 நவம்பரில் செங்கோட்டை வழக்குக்குக் காரணமாகி நாட்டை எழுப்பியது என்று நண்பர் கூறுவர். மெய்யே. ஆனால் நாட்டை எழுப்பியது அப்படை இருந்தது என்ற செய்தியே. ஐராவதிக் கரையில் நடந்த சண்டைகளின் பெயரைக்கூட வழக்கைக் கேட்டு எழுந்தவரிற் பலர் அறியார். குறிக்கோள் நேரியது என்பதால் ஒவ்வொரு மாதமும் நேரியதாகிவிடுமா? நெடுங்கிள்ளிக்கும் தன் குறிக்கோள் நேரியதாகவே தோன்றியிருக்கும்.

பினாங்கிலும் சுங்கைப் பட்டாணியிலும் உள்ள வாசகர் மன்றத்தார்க்கு ஒரு வேண்டுகோள். சிங்காரத்தின் நாவலைப் படிக்கும் கூட்டத்திலேயே அவ்விரு புறப்பாட்டுக்களையும் உரக்கப் படியுங்கள். வயது முதிர்ந்தோர் எவரேனும் வந்திருப்பின், அவர் வீட்டிலிருந்து ஐராவதிக்குப் போனவர் யார் என்று முதலில் கேளுங்கள்.