அட்டை யாரை அழைக்கிறது? தாயிச்சி ஓனோவின் நூலை முன்வைத்து



தொழில்துறை பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், நம்ம மாணவர்கள் பலர் “இன்றைய நவீன உலகில்” என்று தொடங்கி, ஓர் இயந்திரத்தின் பெயரைக்கூடச் சொல்லாமல் முடித்துவிடுகிறார்கள். இத்தனைக்கும் கூலிம், சுங்கை பட்டாணி பக்கம் பல வீடுகளில் அப்பாவோ அம்மாவோ தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகிறவர்கள்தான். அதனால்தான் இம்முறை ஒரு தொழில்துறை நூலை எடுத்துக்கொள்கிறேன். டொயோட்டா பொறியாளர் தாயிச்சி ஓனோ 1978-இல் ஜப்பானிய மொழியில் எழுதிய ‘டொயோட்டா உற்பத்தி முறை’ அது. ஆங்கில மொழிபெயர்ப்பு 1988-இல் வந்தது.

நூலின் மையம் ‘கான்பன்’. ஜப்பானிய மொழியில் இதற்கு அறிவிப்புப் பலகை என்று பொருள். தொழிற்சாலையில் இது ஓர் அட்டை, அவ்வளவுதான். என்ன பாகம், எத்தனை, எங்கே போக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அடுத்த பிரிவினர் பாகங்களை எடுத்ததும் அட்டை முந்தைய பிரிவுக்குத் திரும்பும். அட்டை வந்தால் செய்; வராவிட்டால் செய்யாதே. இதனால் தேவையானது தேவையான நேரத்தில் வருகிறது. சரக்கு வீணாகக் குவிவதில்லை.

இதை விளக்க ஓனோ எடுத்த உவமை அமெரிக்கப் பேரங்காடி. வாடிக்கையாளர் வேண்டியதை எடுக்கிறார். எடுத்த அளவுக்குக் கடைக்காரர் தட்டை நிரப்புகிறார். பின் பிரிவு வாடிக்கையாளர், முன் பிரிவு கடை. மாணவர்களே, இங்கே கவனிங்க. ஓனோ உவமையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடவில்லை. அதிலிருந்தே விதிகளை எடுக்கிறார்: அட்டையின்றி எதையும் செய்யாதே, பழுதான பொருளை அடுத்தவருக்கு அனுப்பாதே. உவமை அலங்காரமாக நிற்காமல் வேலை செய்கிறது. கருத்து விளக்கக் கட்டுரைக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

ஆனால், நூலில் ஒரு குறையும் உண்டு. ஓனோ ஏழு வகை வீணடிப்புகளைப் பட்டியலிடுகிறார். காத்திருத்தலும் தேவையற்ற அசைவும் அதில் அடங்கும். கணக்குக்கு அது சரிதான். காத்திருக்கும் அந்தச் சில விநாடிகளில்தான் ஒருவர் முதுகை நிமிர்த்துகிறார் என்றால்? பழுது கண்டால் தொழிலாளியே வரிசையை நிறுத்தலாம் என்கிறார் ஓனோ. நிறுத்தினால் ‘அந்தோன்’ என்ற விளக்குப் பலகை எரியும். இது உண்மையிலேயே மதிப்பான ஏற்பாடு. ஆனாலும் தொழிலாளியின் குரல் நூலில் அநேகமாகக் கேட்பதே இல்லை.

அந்தக் குரலைக் கேட்க இன்னொரு நூலுக்குப் போக வேண்டும். பத்திரிகையாளர் சதோஷி கமதா 1972-இல் டொயோட்டாவில் பருவகாலத் தொழிலாளியாகச் சேர்ந்து, அந்த அனுபவத்தை நாட்குறிப்பாக எழுதினார். 1973-இல் வெளிவந்த அந்த நூலின் தலைப்பிலேயே ‘விரக்தித் தொழிற்சாலை’ என்று இருக்கிறது. ஓனோ ஓட்டம் என்று சொல்வதைக் கமதா களைப்பு என்கிறார்.

நம்ம கெடா ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் பிரட்டுக்குக் கூப்பிட்டால், அது ஆளைத்தான் கூப்பிடுகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். கான்பன் அப்படியில்லை, பொருளை மட்டுமே அழைக்கிறது போலத் தோன்றும். ஆனால் பொருள் தானாக நடந்து வராதே! அட்டை வேகமாகத் திரும்பினால், கையும் வேகமாக ஓட வேண்டும். என் வாசிப்பில் ஓனோவின் நூல் தொடாமல் விட்ட இடம் இதுதான்.

அட்டைக்கு இன்னொரு எல்லையும் உண்டு. 1997 பிப்ரவரி 1-ஆம் தேதி ஜப்பானின் கரியா நகரில் ஐசின் தொழிற்சாலை தீப்பிடித்தது. டொயோட்டாவுக்கு வேண்டிய ஒரு சிறு பிரேக் வால்வு பெரும்பாலும் அங்கேதான் தயாரானது. கையிருப்பு குறைவு என்பதால் டொயோட்டாவின் ஆலைகள் நின்றன. பல நிறுவனங்கள் கூடி அந்த வால்வைச் செய்து கொடுத்ததால், சில நாள்களில் வேலை மீண்டும் தொடங்கியது. அங்கே கைகொடுத்தது அட்டையல்ல, மனிதர்கள்.

ஆகவே என் முடிவு இது. எப்படி விளக்குவது என்பதற்கு ஓனோவைப் படியுங்கள். எப்படி மதிப்பிடுவது என்பதற்குக் கமதாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தரப்பை மட்டும் படித்து விவாதக் கட்டுரை எழுத முடியாது.

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி: தொழிற்சாலையில் வேலை செய்யும் உறவினரிடம், அங்கே என்னென்ன விளக்கு, வண்ணக்கோடு, அட்டை இருக்கிறது, ஒவ்வொன்றும் யாரை என்ன செய்யச் சொல்கிறது என்று மாணவர்களைக் கேட்டுவரச் சொல்லுங்கள். அந்தப் பதிலையே முதல் பத்தியாக எழுதட்டும். “இன்றைய நவீன உலகில்” தேவைப்படாது.