குமுளி ஏறும் பழைய வேனுக்கு எந்த சீலன்ட்?

ஆனி மாதத்தில் தேனியில் காய்ந்த காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருக்கும்போதே, லோயர் கேம்ப்பைத் தாண்டி மலைப்பாதையில் ஏறினால் வைப்பரைப் போட வேண்டியிருக்கும். கம்பம் பள்ளத்தாக்கு மழை மறைவில் கிடக்கிறது. தென்மேற்குப் பருவமழையில் பெரும்பங்கை மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி வாங்கிக்கொள்கிறது. கை வைக்க முடியாதபடி சுட்ட கூரை, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்ந்த மழையில் நனைகிறது. பழைய மெட்டடார் வேனில் படுக்கையும் அடுப்பும் வைத்துப் பயண வீடாக்கியவர்களுக்கு, தகடு மூட்டுகளை எதைக்கொண்டு அடைப்பது என்ற கேள்வி இங்கே மற்ற ஊர்களைவிடக் கடுமையானது.

காரணம் தகட்டிலேயே இருக்கிறது. கரூர் பஸ் பாடி முறையில் கட்டிய உடலில் இரும்புச் சட்டத்தின்மேல் அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்திருப்பார்கள். நாற்பது டிகிரி சூடேறினால் 4 மீட்டர் அலுமினியத் தகடு ஏறத்தாழ 3.7 மில்லிமீட்டர் நீளும். அதே நீள இரும்பு 2 மில்லிமீட்டர்கூட நீளாது. இந்த வேறுபாடு முழுவதும் மூட்டுகளில்தான் தீர வேண்டும். போடிமெட்டு வழியாக மலையேறுகிறவர்கள், அங்குள்ள 17 கொண்டை ஊசி வளைவுகளில் சட்டம் முறுக்கும் முறுக்கையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே முதல் சோதனை, சீலன்ட் நீண்டு சுருங்குமா என்பது. இரண்டாவது, வெயிலிலும் பிடி விடாதா என்பது. மூன்றாவதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்: அடுத்த முறை பிரிக்க வருகிறவருக்கு அது வழி விடுமா? பழைய வண்டியின் மூட்டு எப்படியும் மறுபடி திறக்கப்படும்.

எம்-சீல் முதல் சோதனையிலேயே தோற்கிறது. கெட்டியாக இறுகிவிடும்; அசையும் மூட்டில் ஓரத்தில் வெடிப்பு விட்டு, அதன் வழியே நீரை உள்ளே இழுத்துப் பிடித்து வைக்கும். ஓட்டை அடைக்க அது நல்ல பொருள், மூட்டுக்கு அல்ல. டிங்கரிங் பட்டறையில் பூசும் பட்டியும் அப்படியே. தார் சித்திரை வெயிலில் இளகி வழியும்.

சிலிக்கானைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைப்பதால் எல்லோருடைய கையும் முதலில் அதற்கே போகிறது. வெயிலைத் தாங்குவதில் அதை மிஞ்சியது இல்லை. நன்றாக நீளவும் செய்யும். ஆனால் காடி நெடி அடிக்கும் மலிவு வகை, இறுகும்போது அசெட்டிக் அமிலத்தை விடுகிறது. பெயிண்ட் உரிந்த இரும்பில் அது பட்டால், துருவைத் தடுக்கப் பூசியதே துருவைத் தொடங்கி வைக்கும். நெடியில்லாத நியூட்ரல் வகைக்கு அந்தக் குற்றம் இல்லை. இன்னொரு குறை இரண்டுக்கும் பொது: அதன்மேல் பெயிண்ட் நிற்காது. சுரண்டி எடுத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப்படலம் தங்கிவிடுவதால், வேறு சீலன்ட்டும் சரியாக ஒட்டாது. புதிய சிலிக்கானே பழைய சிலிக்கானில் சரியாகப் பிடிப்பதில்லை. இன்றைய ஒழுகலை நிறுத்த நாளைய பழுதுபார்ப்பைப் பறிகொடுக்கிறோம். மூன்றாவது சோதனையில் இது முழுத் தோல்வி.

பியூட்டைல் டேப்புக்கு ஓர் இடம் உண்டு. அது இறுகுவதே இல்லை. ஜன்னல் சட்டம், கூரை வென்ட் போல ஸ்க்ரூ அழுத்திப் பிடிக்கும் இடத்தில், இரண்டு பரப்புகளுக்கு நடுவே அதைவிட நல்லது கிடையாது, பிரிப்பதும் எளிது. திறந்த மூட்டில் வைத்தால் புழுதி அப்பி, வெயிலில் நகரும்.

மிஞ்சுவன இரண்டு: பி.யு. என்கிற பாலியூரித்தேன், எம்.எஸ். பாலிமர் என்கிற கலப்பு வகை. பி.யு. நன்றாக நீளும், பெயிண்டை ஏற்கும், கத்தியால் அறுத்து எடுத்த மீதத்தின்மேலேயே புதிதாகவும் பிடிக்கும். பெயிண்ட் அடிக்காமல் விட்டால் வெயிலில் மேற்பரப்பு பொடிந்து வெடிக்கும். ஈரத் தகட்டில் வைத்தால் குமிழி விடும். இறுகுமுன் அதிலுள்ள ஐசோசயனேட் உடம்புக்கு ஆகாது என்பதால் கையுறையும் காற்றோட்டமும் வேண்டும். எம்.எஸ். பாலிமருக்கு இந்தக் குறைகள் குறைவு. ஜப்பானின் கனேகா நிறுவனம் 1970களின் பிற்பகுதியில் கொண்டுவந்த வகை அது. ஐசோசயனேட் இல்லை, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். ஆனால் கிழியாமல் தாங்கும் வலிமையில் நல்ல பி.யு.வுக்குப் பின்னால்தான் நிற்கிறது. மலைப்பாதையில் முறுக்கேறும் மூட்டுக்கு எனக்கு அந்த வலிமை முக்கியம்.

என் தீர்ப்பு: உடல் மூட்டுகளுக்கு பி.யு., அதன்மேல் கட்டாயம் பெயிண்ட். பெயிண்ட் அடிக்க முடியாத இடத்துக்கு மட்டும் எம்.எஸ். பாலிமர். ஜன்னல் சட்டத்துக்கு பியூட்டைல். சிலிக்கான் டியூப் பாடிப் பக்கமே வர வேண்டாம். கடையில் கேட்கும்போது ஒரு எச்சரிக்கை: முன்கண்ணாடி ஒட்டும் பி.யு.வைக் கொடுத்துவிடுவார்கள். அது விறைப்பானது, பிரிக்கப் பெரும்பாடு. மூட்டு அடைக்கும் வகை என்று கேட்டு, டியூபின் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

நீர் சொட்டும் இடத்தில் பூசுவதில் பயனில்லை. மேலே எங்கோ நுழைந்து சட்டத்தோடு ஓடி வந்து அங்கே சொட்டுகிறது. கூரையிலிருந்து தொடங்குங்கள். பழைய பூச்சை முழுவதும் சுரண்டி, துருவைத் தேய்த்து, பிரைமர் காய்ந்த பிறகே சீலன்ட் கன்னைக் கையில் எடுங்கள். அடிப்பக்க மூட்டுகளையும் வடிதுளைகளையும் அடைக்காதீர்கள். உள்ளே போன நீர் வெளியேற அவைதான் வழி. பி.யு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும். அதனால் வைகாசி முதல் வாரத்திலேயே, காற்று எழுவதற்கு முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.