அச்சமும் அளவுகோலும்: 'பிளக் சபத்' இசைத்தட்டு பற்றிய ஒரு மதிப்பீடு

புதியதொரு கலைப்படைப்புத் தோன்றும்போது அதனைப் பழைய அளவுகோல் கொண்டு அளக்க முற்படுதல் திறனாய்வாளர்க்கு இயல்பாக நேரும் பிழையாகும். அளவுகோல் பொய்யன்று, ஆயினும் நாழி கொண்டு துணியை அளப்பார் உளரோ? இவ்வுண்மையை நிறுவுதற்கு இலக்கிய வரலாற்றிலிருந்து எடுத்துக்காட்டுகள் பல காட்டலாம். யாம் ஈண்டு ஆராயப் புகுவது மேனாட்டு இசைத்தட்டு ஒன்றாகும். 1970ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் திகதி இங்கிலாந்திலே வெளிவந்த 'பிளக் சபத்' என்பதே அது. அதனை ஆக்கிய குழுவின் பெயரும் அதுவே. அதன் முதற்பாடலின் பெயரும் அதுவே. 'ஹாட் றொக்' எனப்படும் வல்லோசை இசையினின்றும் 'ஹெவி மெற்றல்' என்னும் கிளை பிரிந்தமைக்கு இத்தட்டினையே தொடக்கமாகக் கொள்வோர் இன்று பலர். வெளிவந்த நாளிலோ கற்றறிந்த விமரிசகர் அதனை எள்ளி ஒதுக்கினர். இம்முரண்பாடு எவ்வாறு நேர்ந்தது என்பதே நம் வினா.

குழுவினர் நால்வரும் பேமிங்காம் மாநகரின் அஸ்ரன் பகுதியிலே தொழிலாளர் குடும்பங்களில் வளர்ந்தவர்கள். ரோனி அயோமி கிற்றார் வாசித்தார். கீசர் பட்லர் மந்தரக் கிற்றாரை இயக்கிப் பாடல்களும் எழுதினார். பில் வாட் முழவங்களை முழக்கினார். ஒஸி ஒஸ்போண் பாடினார். ஆலைகளின் இரைச்சலும் புகையும் சூழ்ந்த நகரம் அது. 1967ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மேற்குக் கரையிலே இளைஞர் மலர் சூடி அன்பையும் அமைதியையும் பாடினர். அஸ்ரன் இளைஞர்க்கு அப்பாடல்கள் தம் வாழ்வோடு ஒட்டாதனவாகவே தோன்றின.

அயோமி வாழ்விலே நேர்ந்த விபத்தொன்றை இங்குக் கூறாதொழிதல் இயலாது. அவர் தமது பதினேழாம் வயதில் உலோகத் தகட்டு ஆலையொன்றிலே பணியாற்றினார். அப்பணியினின்றும் விலகவிருந்த இறுதி நாளில், இயந்திரத்திற் சிக்கி வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் ஆகியவற்றின் நுனிகளை இழந்தார். அவர் இடக்கை வாத்தியக்காரர். எனவே தந்திகளை அழுத்த வேண்டிய கையே ஊனமுற்றது. மனமுடைந்திருந்தவர்க்கு, தீவிபத்தில் இரு விரல்கள் செயலற்றுப் போனபின்னும் கிற்றார் மேதையாக விளங்கிய ஜாங்கோ றைன்ஹாட்டின் இசைத்தட்டு ஊக்கமளித்தது. பிளாத்திக்குப் போத்தலொன்றை உருக்கி விரலுறைகள் செய்து, அவற்றின்மேல் தோல் ஒட்டி அணிந்துகொண்டார். அழுத்துதற்கு எளியவாகிய மெல்லிய தந்திகளைப் பூட்டினார். இரண்டு மூன்று தந்திகளை ஒருசேர அழுத்தும் எளிய சேர்க்கைகளையே பெரிதும் நம்பினார். குறையை மறைத்தற்குக் கொண்ட வழியே பின்னர் நடையாயிற்று.

தட்டு உருவான வரலாறும் அத்தகையதே. 1969ஆம் ஆண்டு ஒக்ரோபர் 16ஆம் திகதி, இலண்டனில் உள்ள றீஜென்ற் சவுண்ட் ஒலிப்பதிவு நிலையத்திலே ஒரே நாளில் இசை முழுவதும் பதிவாயிற்று. தயாரிப்பாளர் றொட்ஜர் பெயின். பதிவுப் பொறியியலாளர் ரொம் அலம். திருத்தியும் மாற்றியும் மெருகிடுதற்கு அவகாசமில்லை. மேடையில் வாசிப்பதுபோன்றே நால்வரும் ஒருங்கு வாசித்தனர். பணி தொடங்கிச் சிறிது நேரத்துள் அயோமியின் கிற்றாரிலே மின் ஏற்பி பழுதுற, துணைக்கென வைத்திருந்த வேறொரு கிற்றாரைக் கொண்டே எஞ்சியவற்றை வாசித்தார். மழை, இடி, தேவாலய மணி ஆகியவற்றின் ஓசைகள் பின்னர்ச் சேர்க்கப்பட்டன.

இனி முதற்பாடலை நோக்குவோம். அதன் அடிப்படை மூன்றே சுவரங்கள். கீழ்ச் சட்சத்திலே தொடங்கி, மேற்சட்சத்துக்கு எழுந்து, பின் பிரதி மத்திமத்தில் இறங்கி நடுங்கி நிற்கின்றது அவ்விசை வரி. சட்சத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் இடைப்பட்ட இவ்விடைவெளியை மேனாட்டு இசைநூலார் சிலர் 'இசையிலுள்ள பேய்' என்று பெயரிட்டழைத்தனர். குஸ்ராவ் ஹோல்ஸ்ற் இயற்றிய 'கோள்கள்' என்னும் பல்லியத் தொகுதியில், போர்த் தெய்வமாகிய செவ்வாயைக் குறிக்கும் பகுதியை வாசித்துக்கொண்டிருந்தவர் பட்லர். அதன் சாயலிலே அயோமி இவ்வரியை அமைத்தார் என்பர்.

நமது கருநாடக இசையிலோ, 72 மேளகர்த்தா இராகங்களுட் பின்னைய 36உம் பிரதி மத்திமம் உடையன. கல்யாணியைக் கேட்டு அஞ்சுவார் எவருமிலர். அது மங்கலம் பொருந்திய இராகமாகவே போற்றப்படுகின்றது. ஆகவே அச்சம் சுவரத்திலே பிறப்பதன்று. அது வைக்கப்படும் முறையிலே பிறப்பதாகும். கல்யாணியிலே பிரதி மத்திமம் காந்தாரத்தோடும் பஞ்சமத்தோடும் உறவு பூண்டு, தொடர்ந்து செல்லும் சஞ்சாரத்தில் இனிது அமைகின்றது. இப்பாடலிலோ அது சுற்றமிழந்து தனித்து நிற்கின்றது. நடை மிக விளம்பம். ஒவ்வொரு சுவரத்துக்கும் இடையே அடுத்தது வருமோ வாராதோ என்று கேட்போன் காத்திருக்கின்றான். குழு முழுவதும் பேரோசையோடு ஒலித்துச் சட்டென அடங்க, மெல்லிய கிற்றார் ஒலிமேல் ஒஸ்போணின் குரல் தனியே எழுகின்றது. கருநிற உருவொன்றைக் கண்ட ஒருவன் நடுங்கி இறைவனை அழைப்பதே பாடலின் பொருள். இறுதியில் நடை திடீரென விரைந்து, ஓடித் தப்ப முயல்வான் ஒருவனின் நெஞ்சத் துடிப்பாகின்றது.

தொல்காப்பியனார் கூறிய எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று; அது பிறக்கும் நிலைக்களன்களுள் அணங்கினை அவர் முதற்கண் வைத்தார் என்பதை மாணவர் அறிவர். அச்சம் இலக்கியத்துக்கு உரியதாயின் இசைக்கும் உரியதே. இத்தட்டின் புதுமை ஓசை மிகுதியன்று. அதற்கு முன்னரும் பேரோசை எழுப்பியோர் இருந்தனர். அச்சம் ஒன்றனையே தலையாய மெய்ப்பாடாகக் கொண்டு றொக் இசையை அமைத்தமையே அதன் புதுமையாகும்.

இதனை அக்கால விமரிசகர் உணர்ந்திலர். 'றோலிங் ஸ்ரோன்' இதழிலே 1970இல் மதிப்புரை எழுதிய லெஸ்ரர் பாங்ஸ், புகழ்பெற்ற 'கிறீம்' குழுவினரைத் தரங்குன்றப் பின்பற்றிய முயற்சியாகவே இதனைக் கண்டார். விரைந்த விரற்றிறனும் நீண்ட கற்பனாலாபனையுமே கிறீம் குழுவினரின் பெருமை. அக்கோல் கொண்டு அளப்பின் மூன்று சுவரப் பாடல் வறுமையாகவே தோன்றும். ஆனால் சிக்கனமே அதன் கருவி என்பதை அக்கோல் காட்டாது. மற்றொரு சாரார் பேய் வழிபாட்டைப் பரப்பும் தட்டெனக் கண்டித்தனர். அட்டையின் உட்புறத்திலே தலைகீழான சிலுவை அச்சிடப்பட்டிருந்தமை அவ்வெண்ணத்தை வளர்த்தது. அதனை இட்டோர் வெளியீட்டாளர். குழுவினர் அறியாமலே அது நிகழ்ந்தது. பேயைக் கண்டு அஞ்சுவோனைப் பேயை வணங்குவோன் எனக் கொள்ளுதல் தகுமோ?

கேட்போர் வேறு தீர்ப்பளித்தனர். இங்கிலாந்தின் விற்பனை வரிசையில் தட்டு 8ஆம் இடத்தையும், அமெரிக்க வரிசையில் 23ஆம் இடத்தையும் எய்தியது. அமெரிக்க வரிசையிலே அது ஓராண்டுக்கு மேலாக நிலைத்தது.

எனினும் விற்பனை ஒன்றே தரத்துக்குச் சான்றாகாது; விமரிசகர் கூற்றில் உண்மையே இல்லை எனவும் கூறலாகாது. இரண்டாம் பக்கத்தில் வரும் 'ஈவில் வூமன்', 'வோணிங்' ஆகிய இரண்டும் பிறரிடமிருந்து எடுத்துப் பாடியவை. முன்னது தட்டின் போக்கோடு ஒட்டாத எளிய பாடல். பின்னதில் வரும் நீண்ட கிற்றார் வாசிப்பு இலக்கின்றி அலைகின்றது. கிறீம் குழுவினரோடு ஒப்பிட்டுக் குறை கூறுதற்குரிய இடம் அதுவே. முதற்பாடலில் ஒருமித்த அச்சம் இங்கே சிதறிவிடுகின்றது. பாங்ஸ் செய்த பிழை, குன்றிய பகுதியைக் கொண்டு முழுவதையும் அளந்தமையாகும்.

பாராட்டுதற்குரிய செய்தி யாதெனின், அவர் தம் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாரல்லர். 1972ஆம் ஆண்டிலே வேறோர் இதழில் இக்குழுவினரைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதி, அவர்களை அறநோக்குடைய கலைஞராக மதித்தார். 'றோலிங் ஸ்ரோன்' இதழும் 2003இல் வெளியிட்ட தலைசிறந்த 500 இசைத்தட்டுக்களின் வரிசையில் இத்தட்டைச் சேர்த்துக்கொண்டது. 2025ஆம் ஆண்டு யூலை 5ஆம் திகதி நால்வரும் தாம் வளர்ந்த அஸ்ரனிலே, வில்லா பாக் அரங்கில் இறுதி முறையாக ஒன்றுகூடி வாசித்தனர். அம்மாதம் 22ஆம் திகதி ஒஸ்போண் காலமானார்.

ஒரு படைப்பைக் குறைகூறுமுன் அது யாது செய்ய முயன்றது என வினவுதல் வேண்டும். அம்முயற்சியில் எத்துணை வென்றது என்பது அதன் பின்னரே எழத்தக்க வினா. வகுப்பறையிலே புதுக்கவிதையையும் புதுநாவலையும் மதிப்பிடப் புகும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இவ்வொழுங்கு பொருந்தும். தீர்ப்பு வழங்கியபின்னும் செவியைத் திறந்து வைத்திருத்தல் திறனாய்வாளனுக்கு இழுக்காகாது. 1970இல் எழுதியதை 1972இல் மாற்றி எழுதத் துணிந்தவர் நமக்குக் கற்பிப்பதும் அதுவே.